சங்கிலியை எங்க கட்டினது? மெக்கானிக்ஸ் மிட்டில விழுந்த ஒரு பெடியன்ர கதை (நிகழ்வு ஆய்வு)

தம்பி எண்டே எழுதுறன், பேர் வேண்டாம். முல்லைத்தீவில உடையார்கட்டுப் பக்கம் வீடு, அப்பா குளத்துக்குக் கீழ வயல் செய்யிறவர், சொந்தமா ஒரு உழவு மெசின் இருக்கு. ஏ.எல்ல, அதாவது கம்பஸுக்கு முதல் எழுதுற உயர்தரப் பரீட்சையில, இணைந்த கணிதத்துக்கு ஏ எடுத்து, கிளிநொச்சி அறிவியல் நகரில இருக்கிற யாழ் பல்கலைக்கழக எஞ்சினியரிங் பீடத்துக்குப் படிக்க வந்தவன். முதல் செமஸ்டர் மெக்கானிக்ஸ் (விசைகளைப் பற்றின பாடம்) மிட்டில, அதாவது செமஸ்டர் நடுவில வைக்கிற சோதனையில, 100க்கு 23.

நான் அவனுக்கு ரெண்டு பட்ச் மூப்பு, சிவில். குப்பி எடுக்கிறனான், அதாவது எக்ஸாமுக்கு முதல் சீனியர் ஆக்கள் ஜூனியர் ஆக்களை இருத்தி வைச்சு சொல்லிக்குடுக்கிறது, கம்பஸில படிச்ச எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு பட்ச்சிலயும் இப்பிடி நாலைஞ்சு பேர் வருவினம், ஏ.எல்ல கணக்கில கெட்டிக்காரரா இருந்திட்டு இஞ்ச வந்து ஸ்டேட்டிக்சில (அசையாம நிக்கிற பொருளுகளில தாக்குற விசைக் கணக்கு) விழுந்த ஆக்கள், எல்லாரும் சொல்லுறது ஒண்டுதான்: "அக்கா எனக்கு இனி கணக்கு வராது போல." தம்பியும் அதைத்தான் சொன்னவன். அது பிழை, கணக்கு அவனுக்கு நல்லா வரும், பிழைச்சது வேற இடத்தில, அந்த இடத்தைத் தேடிப் பிடிக்க எனக்கே ஆறு கிழமை போனது. அந்த ஆறு கிழமையை ஒழுங்கா எழுதி வைச்சா அடுத்த பட்ச்சுக்கு குப்பி எடுக்கிற ஆக்களுக்கும் உதவும், விழுந்திட்டு இருக்கிற பிள்ளையளுக்கும் உதவும் எண்டுதான் எழுதுறன்.

முதல் நான் நினைச்சது இங்கிலிஷ்தான் பிரச்சினை எண்டு. பள்ளிக்கூடத்தில 13 வருசம் தமிழில படிச்சிட்டு வந்து முதல் நாளே எல்லாம் இங்கிலிஷில, கேள்வி ஒவ்வொண்டும் அரைப் பக்கம், ஆருக்கும் தலை சுத்தும். அதால மிட் பேப்பரில இருந்த கேள்வி முழுக்க நானே தமிழில வாசிச்சுச் சொல்லி திரும்பச் செய்யச் சொன்னனான். கொஞ்சம் கூடிச்சுது, ஆனா நான் எதிர்பாத்த அளவுக்கு இல்லை.

அந்தக் கொஞ்சம் எங்கயிருந்து வந்தது எண்டது முக்கியம், ஏனெண்டா அது எங்கட பிள்ளையளுக்கு மட்டும் உள்ள ஒரு சிக்கல். இலங்கையில நாங்கள் பள்ளிக்கூடத்தில திணிவு எண்டு படிச்சது கிலோகிராமில வாறது, நிறை எண்டு படிச்சது நியூட்டனில வாறது, அதாவது பூமி இழுக்கிற விசை. தமிழ்நாட்டுப் புத்தகத்தில நிறை எண்டா கிலோகிராம், விசைக்கு எடை எண்டு சொல்லுவினம். வேகமும் அப்பிடித்தான், எங்களுக்கு வேகம் எண்டா திசையும் சேர்ந்தது, திசையில்லாட்டி கதி, அங்க வேகம் எண்டா வெறும் கதி, திசை சேர்ந்தா திசைவேகம். நாங்கள் ஆர்முடுகல் எண்டுறதை அவை முடுக்கம் எண்டுவினம். ரெண்டும் நல்ல தமிழ், ரெண்டுக்குள்ளயும் ஒரு ஒழுங்கு இருக்கு, கலந்தாத்தான் வில்லங்கம். தம்பி இரவிரவா யூடியூப்பில தமிழ்நாட்டு ஆக்கள்ர வீடியோ பாத்துப் படிச்சவன், அவையள் "நிறை 250 கிலோகிராம்" எண்டு சொல்ல இவன்ர காதில விழுந்தது நியூட்டன். மிட்டில ஒரு பெட்டிக் கணக்கில 9.81ஆல (புவியீர்ப்பு ஆர்முடுகல்) பெருக்காம 250ஐ அப்பிடியே விசையாப் போட்டு அந்தக் கேள்வி முழுக்கப் போயிட்டுது. கொப்பின்ர முதல் பக்கத்தில மூண்டு நிரலில எங்கட சொல், அவையின்ர சொல், இங்கிலிஷ் சொல் எண்டு எழுதி ஒட்டச் சொன்னனான், ஒரு கிழமையில அந்தப் பிழை நிண்டுட்டுது. பதினைஞ்சு சொல்லுக்கு மேல இல்லை, முதல் நாளே செய்திருக்க வேண்டிய வேலை.

ஆனா மிச்சம் நிக்கேல்ல.

அதுக்குப் பிறகுதான் அவன்ர விடையளை விட்டிட்டு அவன் கீறின படங்களைப் பாக்கத் தொடங்கினனான். சமன்பாடு எல்லாம் வடிவா இருக்கு, சைன் கோசைன் ஒரு இடத்திலயும் பிழைக்கேல்ல, ரெண்டு ஒருங்கமைச் சமன்பாட்டை என்னை விட வேகமாத் தீர்ப்பான். படம்தான் பிழை. எல்லாப் படத்திலயும் ஒரே வகைப் பிழை: தனக்குத் தெரிஞ்ச விசை எல்லாத்தையும் கீறியிருக்கிறான், ஆனா எதின்ர மேல தாக்குற விசை எண்டு முடிவெடுக்காமக் கீறியிருக்கிறான். ஏணி சுவரைத் தள்ளுற விசையும் சுவர் ஏணியைத் தள்ளுற விசையும் ஒரே படத்தில. ரெண்டு கட்டையைத் தொடுத்த இழையின்ர இழுவை, ரெண்டு கட்டையையும் சேர்த்துக் கீறின படத்துக்குள்ளயும் நிக்குது.

நான் கேட்டனான், மேசையில புத்தகம் ஒண்டு கிடக்கு, புத்தகத்தின்ர நிறைக்கு மறுதாக்கம் எது? உடன சொன்னான், மேசை மேல தள்ளுற செவ்வன் மறுதாக்கம் எண்டு. நியூட்டன்ர மூண்டாம் விதியை நித்திரையில எழுப்பிக் கேட்டாலும் பிழையில்லாமச் சொல்லுவான், தாக்கமும் மறுதாக்கமும் சமனும் எதிரும் எண்டு, ஆனா அந்த ரெண்டும் ரெண்டு வேற வேற பொருளுக்கு மேல தாக்கும் எண்டது அவனுக்கு ஒருநாளும் வேலைக்கு வரேல்ல. புத்தகத்தின்ர நிறை எண்டது பூமி புத்தகத்தை இழுக்கிறது, அதின்ர மறுபாதி புத்தகம் பூமியை இழுக்கிறது, மேசைக்கு அதில வேலையே இல்லை. மேசை தள்ளுறதும் நிறையும் சமனா இருக்கிறது புத்தகம் சும்மா கிடக்கிறதால, மூண்டாம் விதியால இல்லை.

கண்டி வீதியில லொறியும் ஓட்டோவும் மோதினா ஆர் ஆருக்குக் கூட விசை குடுக்கிறது எண்டும் கேட்டனான். லொறிதான் எண்டான். அதே மூண்டாம் விதிப்படி ரெண்டும் ஒண்டுக்கொண்டு குடுக்கிற விசை சமன். இது அவன்ர தனிப் பிழை இல்லை எண்டு அவனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. 1992ல அமெரிக்காவில ஹெஸ்டினஸ், வெல்ஸ், சுவாக்காமர் எண்ட மூண்டு பேர் கணக்கே இல்லாத ஒரு சோதனைத் தாளைக் கொண்டு வந்தவை, முழுக்க இப்பிடியான கேள்விதான், லொறியும் காரும் மோதுற கேள்வியும் அதில இருக்கு, கணக்குப் பேப்பரில நல்ல மார்க்ஸ் எடுக்கிற பிள்ளையளே அதில தடுமாறினவை. நியூட்டன் 1687ல எழுதி வைச்ச விதி, முந்நூறு வருசம் கழிச்சும் உலகம் முழுக்கப் பிள்ளையள் அதே இடத்தில தடக்குப்படுகினம். அதைக் கேட்ட பிறகு அவன்ர முகம் கொஞ்சம் தெளிஞ்சது, அது எனக்குப் பெரிய விசயம், ஏனெண்டா தான் மொக்கன் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு ஒண்டும் படிப்பிக்கேலாது.

அப்ப ஏ.எல்ல எப்பிடி ஏ வந்தது? இதை நான் கனநாள் யோசிச்சனான். ஏ.எல் கணக்கில பொருளைத் தெரிஞ்செடுக்கிற வேலையைக் கேள்வியே செய்து தந்திடும். துணிக்கை (ஒரு புள்ளியா எடுக்கிற பொருள்), ஒப்பமான (உராய்வில்லாத) கப்பி, இலேசான நீளா இழை, சீரான கோல், இந்தச் சொல்லுகளைப் பாத்த உடன கை தன்ர பாட்டில விசை அம்பைக் கீறும், ஏனெண்டா இருநூறு பாஸ்பேப்பர் கணக்கில அதே துணிக்கைக்கு அதே அம்புதான். எஞ்சினியரிங் பேப்பரில கேள்வி வாறது ஒரு கிரேன், ஒரு கேட், ஒரு ட்ரக் எண்டு. எதை வெட்டி வெளியில எடுக்கிறது, எங்க கோடு போடுறது எண்டு நீங்கதான் முடிவெடுக்கோணும். ஏ.எல் பாடத்தை நான் குறை சொல்லேல்ல, அந்தப் பயிற்சி இல்லாட்டி அல்ஜிப்ராவிலயே விழுந்திருப்பம். ஆனா இந்த ஒரு படியை அங்க கேள்வி தயாரிச்ச ஆள் செய்து தந்தது, இஞ்ச செய்து தர ஆளில்லை, அப்பிடி ஒரு படி இருக்கு எண்டே பெடியனுக்குத் தெரியாது.

இதைத் தெரிஞ்ச பிறகும் எனக்கு அதைச் சொல்லி விளங்கப்படுத்தத் தெரியேல்ல. "பொருளைத் தனிய எடு, தனிய எடு" எண்டு ரெண்டு கிழமை கத்தினதுதான், தலையாட்டுவான், அடுத்த படத்தில திரும்ப அதே.

மாசியில காலபோக அறுவடை, தம்பி லீவுக்கு வீட்ட போயிருந்தான். தை கடைசியில பெய்த மழையில வயல் இன்னும் காயேல்ல, நெல் மூட்டை ஏத்தின பெட்டியோட (ட்ரெய்லர்) அப்பான்ர மெசின் வயலை விட்டு ஏறுற இடத்தில புதைஞ்சு போச்சு. பக்கத்து வயல்காரர் தன்ர மெசினைக் கொண்டு வந்து மேல காய்ஞ்ச பாதையில நிப்பாட்டி சங்கிலி போட்டு இழுத்திருக்கிறார். சங்கிலியைக் கட்டினது இழுக்கிற மெசினுக்குப் பின்னால, கலப்பையின்ர மேல் கம்பி பூட்டுற துளையில. கியரைப் போட்டுக் கிளச்சை விட்ட உடன மெசின்ர மூக்கு தூக்கிச்சுது, முன் சில்லு ரெண்டும் நிலத்தை விட்டு ஒரு முழம் எழும்பிட்டுது. ஆள் அனுபவசாலி, சட்டெண்டு கிளச்சை மிதிச்சிட்டார், மூக்கு டங் எண்டு கீழ விழுந்தது. ஒருத்தருக்கும் ஒண்டும் ஆகேல்ல. பிந்தியிருந்தா மெசின் பின்பக்கமாப் புரண்டு அவரை நசுக்கியிருக்கும்.

இரவு தம்பி கோல் எடுத்தான். "அக்கா, சங்கிலி பின்னுக்குத்தானே இழுக்குது, ஏன் முன் சில்லு மேல போகுது?"

அவன் தானாக் கேட்ட முதல் மெக்கானிக்ஸ் கேள்வி அதுதான், அதுவரைக்கும் கேட்டது எல்லாம் "இதுக்கு எந்தச் சமன்பாடு அக்கா" எண்டு.

நாளைக்கு டேப் எடுத்து அந்த இழுத்த மெசினை அள எண்டு சொன்னனான். முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் நடுவில 1.9 மீற்றர். மேல் துளை நிலத்தில இருந்து 1.1 மீற்றர் உயரம். பின்னால கீழ இருக்கிற இழுவைக் கொக்கி, அதாவது கீழ்க் கொக்கி, 0.4 மீற்றர். திணிவை 2000 கிலோகிராம் எண்டு எடுத்தம், புவியீர்ப்பு மையம் பின் அச்சுக்கு 0.75 மீற்றர் முன்னுக்கு எண்டு எடுத்தம், இது ரெண்டும் நாங்கள் எடுத்துக்கொண்ட எண்கள். ரயருக்கும் பாதைக்கும் உராய்வுக் குணகம் 0.7. சங்கிலி கிடையா இழுக்குது எண்டு வைச்சம். அவன் திரும்பி வந்த பிறகு ரெண்டு பேரும் வாங்கில இருந்து கீறினம்.

முதல் படம் அவன் கீறினது. எஞ்சினில இருந்து முன்னுக்கு ஒரு பெரிய அம்பு, "எஞ்சின் விசை". பின் ரயருக்குக் கீழ பின்னுக்கு ஒரு அம்பு, உராய்வு. ஏன் பின்னுக்கு எண்டு கேக்க, "உராய்வு எப்பவும் இயக்கத்துக்கு எதிர்தானே அக்கா" எண்டான்.

நான் கேட்டனான், எஞ்சினை மெசினுக்கு வெளியால நிண்டு ஆர் தள்ளுறது?

பதில் இல்லை.

அப்பான்ர மெசின் சேத்தில நிக்கேக்க எஞ்சின் ஓடிச்சுதோ? ஓம். சில்லுச் சுத்திச்சுதோ? ஓம். அப்ப உந்த எஞ்சின் விசை எங்க போனது, ஏன் மெசின் போகேல்ல?

கனநேரம் படத்தைப் பாத்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாக் கேட்டான், "அப்ப நிலமா அக்கா மெசினைத் தள்ளுது?"

ஓம். நிலம்தான். எஞ்சின் சில்லைச் சுத்துது, சில்லு நிலத்தைப் பின்னுக்குத் தள்ளுது, நிலம் சில்லை முன்னுக்குத் தள்ளுது, அந்த முன்னுக்குத் தள்ளுறதுக்குப் பேர்தான் உராய்வு. உராய்வு தடுக்கிறது தொடுற ரெண்டு மேற்பரப்பும் ஒண்டில ஒண்டு வழுக்கிறதை, மெசின் போறதை இல்லை. எஞ்சின் படத்துக்கு உள்ளுக்க இருக்கிற சாமான், அது பெட்டிக்குள்ள இருந்துகொண்டு பெட்டியைத் தள்ளுற ஆள் மாதிரி, அதுக்கு அம்பு கிடையாது. எஞ்சின் அம்பை அவனே அழிச்சான், பின்னுக்கு இருந்த உராய்வை முன்னுக்குத் திருப்பினான். அந்த ரப்பர் தேய்ச்ச சத்தம் எனக்கு இப்பவும் காதில இருக்கு.

இப்ப மெசினைச் சுத்தி ஒரு புள்ளிக்கோடு. வெளியில இருந்து அதைத் தொடுறது மூண்டு: முன் சில்லில நிலம், பின் சில்லில நிலம், சங்கிலி. தொடாம இழுக்கிறது பூமி. அவ்வளவுதான், வேற அம்பு இல்லை. பின் சில்லு நிலத்தைத் தொடுற புள்ளியைச் சுத்தித் திருப்பம் (விசை தர தூரம்) எடுத்தா பின் சில்லின்ர ரெண்டு விசையும் காணாமப் போயிடும். மிஞ்சுறது மூண்டு. நிறை 19.62 கிலோநியூட்டன் 0.75 மீற்றரில மூக்கைக் கீழ அமத்துது, அது 14.7 கிலோநியூட்டன்மீற்றர். சங்கிலியின்ர இழுவையைக் கட்டின உயரத்தால பெருக்கினா வாற திருப்பம் மூக்கை மேல தூக்குது. வித்தியாசத்தை முன் சில்லு தாங்குது. முன் சில்லின்ர விசை பூச்சியமாகிற கணம்தான் மூக்கு எழும்புற கணம்.

மேல் துளையில கட்டினா 14.7ஐ 1.1ஆல பிரி, 13.4 கிலோநியூட்டன் இழுத்தாக் காணும், மூக்கு எழும்பும். கீழ்க் கொக்கியில கட்டினா 0.4ஆல பிரி, 36.8 கிலோநியூட்டன் வேணும். ஒரே மெசின், ஒரே சங்கிலி, கட்டின இடம் மட்டும் வேற.

ஆனா இதோட முடியேல்ல, இனித்தான் ருசியான இடம். ரயரால அவ்வளவு இழுக்க ஏலுமோ? தம்பி உடன உராய்வு சமன் மியூ (உராய்வுக் குணகம்) தர செவ்வன் மறுதாக்கம் எண்டு எழுதிட்டான், அது அவன்ர அடுத்த பழைய பிழை, எங்க உராய்வு வந்தாலும் சமன் குறியைப் போட்டிடுவான். உராய்வு தேவையான அளவுக்குத்தான் வரும், மியூ தர செவ்வன் மறுதாக்கம் எண்டது அதின்ர மேல் எல்லை, வழுக்கப் போற கணத்தில மட்டும்தான் சமன். அதால எது முதல் நடக்கும், வழுக்குமா, மூக்கு எழும்புமா எண்டு தனித்தனியாப் பாக்கோணும். சங்கிலி இழுக்க இழுக்க முன் சில்லில இருந்த பாரம் பின் சில்லுக்குப் போகுது, அதால பின் சில்லின்ர பிடியும் கூடுது. அதையும் சேர்த்துப் போட்டா கீழ்க் கொக்கியில 9.7 கிலோநியூட்டனிலயே ரயர் வழுக்கிடும், 36.8க்குக் கிட்டவும் போகாது, மெசின் புழுதியைக் கிளப்பிக்கொண்டு நிக்கும், ஆள் தப்பும். மேல் துளையில வழுக்கிறதுக்கு 14 கிலோநியூட்டன் வேணும், மூக்கு எழும்ப 13.4 காணும். வழுக்க முதல் எழும்பிடும். அண்டைக்கு நடந்தது அதுதான்.

தம்பி கல்குலேட்டரை வைச்சிட்டு என்னைப் பாத்தான். "அக்கா, அந்த மாமா செத்திருப்பார்." நான் ஒண்டும் சொல்லேல்ல.

வயலில வேலை செய்யிற குடும்பத்து ஆக்கள் இதை வாசிச்சா தயவு செய்து ஒண்டைக் கவனிக்கோணும்: இழுக்கிற சங்கிலியை ஒருநாளும் பின் அச்சுக்கு மேல கட்டாதேங்கோ, கீழ்க் கொக்கியில மட்டும். சில்லுப் புதைஞ்சு சுத்தேலாம நிண்டா இன்னும் மோசம், சில்லு சுத்தாட்டி மெசின் சில்லைச் சுத்திப் புரளப் பாக்கும்.

அதுக்குப் பிறகு ரெண்டு கிழமை கல்குலேட்டரைத் தொடவிடேல்ல. வெறும் படம், விடை வேண்டாம். ஒவ்வொரு படத்திலயும் முதல் புள்ளிக்கோடு, பிறகு ஒவ்வொரு அம்புக்கும் பக்கத்தில ரெண்டு பேர் எழுதோணும், ஆர் ஆரை: "நிலம் ரயரை", "சங்கிலி மெசினை", "பூமி மெசினை". முதல் பேர் எழுத வரேல்லையெண்டா அந்த அம்பை அழி. முதல் பேர் கோட்டுக்கு உள்ளுக்க இருக்கிற ஆளெண்டாலும் அழி. இது புத்தகத்தில உள்ள விசயம்தான், ஆனா பேரைத் தமிழில எழுத வைச்சதுதான் அவனுக்கு வேலை செய்தது எண்டு நினைக்கிறன், இங்கிலிஷில எழுதேக்க எழுவாயை விட்டிட்டு வெறும் டென்ஷன், ரியாக்ஷன் எண்டு எழுதிட்டுப் போகலாம், "சங்கிலி மெசினை" எண்டு எழுதத் தொடங்கினா எது எதை எண்டு சொல்லாமத் தப்பேலாது. கிணத்துக் கப்பி, துலா, சைக்கிள், சரிஞ்ச தென்னைக்குக் குடுத்த முட்டு, வீட்டில கண்டது எல்லாம் கீறினான். சைக்கிளில பின் சில்லுக்கு உராய்வு முன்னுக்கு, முன் சில்லுக்குப் பின்னுக்கு எண்டதை நான் சொல்லாமலே கீறிக்கொண்டு வந்தவன்.

செமஸ்டர் எக்ஸாமில மெக்கானிக்ஸ் சி பிளஸ். 23ல இருந்து வந்த பிள்ளைக்கு அது நல்லம், ஆனா எல்லாம் சரிவந்திட்டுது எண்டு எழுத மாட்டன். ட்ரஸ் கணக்கு (கோல்களை முனையில பூட்டின கூரைச் சட்டம் மாதிரி) நல்லா வந்தது, மூட்டு ஒவ்வொண்டையும் தனிப் பொருளா எடுக்கிறது இந்தப் பழக்கத்துக்கு அப்பிடியே பொருந்தும். ரெண்டு மூண்டு உறுப்பை ஆணியால பூட்டின ஃப்ரேம் கணக்கில இன்னும் பிழைக்குது, ஒரு உறுப்பில ஆணி விசையை வலப்பக்கம் போட்டா அடுத்த உறுப்பில இடப்பக்கம் போடோணும் எண்டதை அவசரத்தில மறந்திடுறான். டைனமிக்ஸ் (அசையிற பொருளுகளின்ர கணக்கு) தொடங்கினா உருளுற சில்லில உராய்வு எந்தப்பக்கம் எண்டு திரும்ப ஒருக்கா ஆடுவான் எண்டு நினைக்கிறன், அதுக்கு இப்பவே படம் சேர்த்து வைச்சிருக்கிறன்.

அடுத்த லீவுக்குப் போய் அப்பாவுக்கு அந்தப் படத்தைக் காட்டி, சங்கிலியை ஏன் கீழ கட்டோணும் எண்டு முழுக்க விளங்கப்படுத்தியிருக்கிறான், 13.4ம் 36.8ம் எல்லாம் சொல்லி. அப்பா பொறுமையாக் கேட்டுக்கொண்டிருந்திட்டு, "அது தெரியும் மோனை, அண்டைக்குக் கீழ்க் கொக்கியின்ர ஆணி காணேல்ல, மழையும் இருட்டிக்கொண்டு வந்தது" எண்டாராம். இப்ப ரெண்டு மெசினிலயும் சீட்டுக்குக் கீழ ஒரு மேலதிக ஆணி கம்பியால கட்டித் தொங்குது, கட்டினது தம்பி.